ஏர் ரைஃபிளுக்குப் புது பேரல்: வீட்டிலேயே மாட்டலாமா?

திருநகர்_அப்பா
எல்லாருக்கும் வணக்கம். மகள் ஒன்பதாவது படிக்கிறா. ரெண்டு வருஷமா 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுறா. .177 (4.5 மில்லிமீட்டர்), ஸ்பிரிங், பேரலை மடக்கி லோடு பண்ற வகை. மொதல்ல பத்து பெல்லட்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள்ள அடங்கும். இப்ப மூணு நாலு மாசமா விரிஞ்சுக்கிட்டே போயி, போன ஞாயித்துக்கிழமை டார்கெட்டோட வட்டத்துக்கே வெளிய ஒண்ணு போயிருச்சு. மூச்சைப் பிடிக்கிறது சரியில்ல, தோள் ஆடுதுன்னு நானும் சொல்லிச் சொல்லி அவளும் நொந்து போயிட்டா.

பேரல் தேஞ்சிருக்கும்னு ஒருத்தர் சொன்னார். கம்பெனிக்கு எழுதி, பிரீச் பிளாக்கோட (பேரலோட பின்முனையைப் பிடிச்சு கீல்ல மாட்டுற இரும்புக் கட்டி) சேர்ந்த புது பேரல் வரவழைச்சுட்டேன், கூரியர்ல வந்து மேசை மேல இருக்கு. கடையில கேட்டா மூணு வாரம் ஆகும்ங்கிறாங்க. மாவட்டப் போட்டிக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு. ஆலன் கீ செட், பன்ச், சின்ன வைஸ் எல்லாம் வீட்ல இருக்கு. நானே மாட்டலாமா? மாட்டின அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கப்பலூர்_லேத்
சார், பேரலைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு நாள் பொறுங்க. இருபது வருஷமா லேத்துல நிக்கிறேன். சித்திரைப் பொருட்காட்சிக்கு வர்ற பலூன் கடைக்காரங்க துப்பாக்கியும் வருஷா வருஷம் நம்மகிட்ட வரும். பேரல் தேஞ்சு வந்த ஏர் கன்னை நான் பாத்ததே கம்மி. ஈய பெல்லட் இரும்பைத் தேய்க்க ரொம்பக் காலம் ஆகும். வளைஞ்சு வரும், துருப்பிடிச்சு வரும், மூக்கு அடிபட்டு வரும், பேரல் மடங்குற கீல் லூசாகி வரும். கெட்டது பேரலா, பேரல் உக்கார்ற இடமான்னு மொதல்ல பிரிச்சுப் பாக்கணும்.

ஒரு கணக்கு சொல்றேன். உங்க பேரல் சுமாரா 45 சென்டிமீட்டர். கீல் ஆட்டத்தால பேரல் முனை ஒரு தலைமுடி கனம், 0.07 மில்லிமீட்டர், நகருதுன்னு வைங்க. 10 மீட்டர்ல அது ஒண்ணரை மில்லிமீட்டருக்கு மேல போயிரும். ரெண்டு முடி கனம்னா மூணு மில்லிமீட்டர். பத்துப் புள்ளி வட்டமே அரை மில்லிமீட்டர்தான்.

ஒரு கேள்வி. பின்பக்க சைட் (குறி பாக்குற பாகம்) எதுமேல உக்காந்திருக்கு? பிரீச் பிளாக் மேலயா, ரைஃபிள் உடம்பு மேலயா?

ஒத்தக்கடை_கோச்
அண்ணன் கேட்டது சரியான கேள்வி. அதோட இதையும் சொல்லுங்க சார்: பாப்பா சுடுற அதே ரைஃபிளை வேற யாராச்சும் சுட்டுப் பாத்தாங்களா? நல்லா சுடத் தெரிஞ்ச ஒருத்தர், அதே பெல்லட், அதே தூரம். அவங்களுக்கும் விரிஞ்சா ரைஃபிள். அவங்களுக்கு அடங்கினா பிள்ளைகிட்ட பேசணும். அது தெரியாம மூச்சைப் பத்திப் பேசாதீங்க. பதினாலு வயசுல "தப்பு என் கையில"ன்னு மனசுல பதிஞ்சுட்டா அதை எடுக்க எனக்கு ஒரு வருஷம் ஆகும்.

மணல் மூட்டை மேல வச்சு சோதிக்கிறதா இருந்தா, ஸ்டாக்கை (தோள்ல வைக்கிற கட்டைப் பகுதியை) நேரா மூட்டையில அழுத்தாதீங்க. ஸ்பிரிங் ரைஃபிள்ல பிஸ்டன் முன்னால பாயறப்ப ரைஃபிள் பின்னால உதைக்கும், பிஸ்டன் போயி முட்டி நிக்கிறப்ப முன்னால இழுக்கும். பெல்லட் வெளிய போறதுக்குள்ள ரைஃபிள் அசைஞ்சுருது. அழுத்திப் பிடிச்சா ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி துள்ளும். மூட்டை மேல உள்ளங்கையை விரிச்சு வச்சு, அதுமேல ரைஃபிளைச் சும்மா கிடத்துங்க. தோள்லயும் லேசா தொட்டா போதும்.

திருநகர்_அப்பா
மேடம், அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. போன தீபாவளி வரைக்கும் ஓப்பன் சைட். அது பிரீச் பிளாக் மேலயே இருந்துச்சு. அதுக்கப்புறம் பீப் சைட் (சின்ன ஓட்டை வழியா குறி பாக்குறது) மாட்டினோம். பீப், உடம்பு மேல இருக்கிற தண்டவாளத்துல உக்காருது.

இதை எழுதுறப்பதான் உறைக்குது. விரிய ஆரம்பிச்சதும் ஏறக்குறைய அப்பத்தான்.

கப்பலூர்_லேத்
பாதி விடை வந்துருச்சு சார். முன் சைட், பின் சைட் ரெண்டும் பேரலோட இருந்தவரைக்கும் கீல் ஆடினாலும் சைட்டும் கூடவே ஆடும். பாப்பா குறி பாக்குறப்ப அந்த ஆட்டத்தையும் சேத்தே சரி பண்ணிருவா. பீப்பை உடம்புல வச்சதும் முன்னது ஒரு பக்கம், பின்னது ஒரு பக்கம் ஆயிருச்சு. லூசு பழைய லூசாவே இருக்கலாம், இப்பத்தான் வெளிய தெரியுது.

சோதிக்கிற விதம்: ரைஃபிள் காக் ஆகலை (ஸ்பிரிங் இழுபட்டுப் பூட்டி நிக்கலை), உள்ள பெல்லட் இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டு, பேரலை மூடி, முனையைப் பிடிச்சு இடம் வலமா அசைங்க. 'டக்'னு ஒரு துளி சத்தம் வந்தாலும் ஆட்டம் இருக்கு. அடுத்து, பேரலை லேசா மடக்கி, ஸ்பிரிங் இழுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே விட்டுருங்க. விட்ட இடத்துலயே நிக்கணும். தானா தொங்குச்சுன்னா கீல் போல்ட் லூசு. ஸ்டாக் ஸ்குரூ மூணையும் பாருங்க, முன்பக்கம் ரெண்டு பக்கவாட்டு ஸ்குரூவும்தான் அடிக்கடி லூசாகும்.

கடைசியா பேரல் மூக்கு. காது குடையிற பஞ்சுக் குச்சியை வாயோட உள் விளிம்பைச் சுத்தி மெதுவா ஓட்டுங்க. பஞ்சு இழை எங்கயாச்சும் மாட்டினா அங்க பிசிறு இருக்குன்னு அர்த்தம். பெல்லட் பேரலை விட்டு வெளிய வர்ற கடைசி நொடியில பின்னால இருக்கிற காத்து அதோட பாவாடையை (பின்பக்கம் விரிஞ்ச விளிம்பை) சுத்தி ஒரே சீரா பிரியணும். ஒரு பக்கம் பிசிறு இருந்தா காத்து முந்தி ஓடி பெல்லட்டைத் தள்ளி விட்டுரும்.

திருநகர்_அப்பா
நேத்து ராத்திரி பாத்தேன். கீல் போல்ட்: பேரல் தொங்குது. ஸ்டாக்கோட இடது முன் ஸ்குரூ அரைச் சுத்து லூசு. பஞ்சு கீழ்ப்பக்கமா ஒரு இடத்துல மாட்டுது, திரும்பத் திரும்ப அதே இடம்.

மூக்குல பிசிறு வந்ததுக்குக் காரணம் நான்தான்னு நினைக்கிறேன். வாரா வாரம் இரும்புக் கம்பியில துணி சுத்தி, முன்பக்கமா விட்டுத் தேய்ச்சேன். சுத்தமா வச்சிருந்தா நல்லா சுடும்னு நினைச்சேன். கம்பி ஒவ்வொரு தடவையும் அந்த விளிம்புல உரசியிருக்கு.

போல்ட்டையும் ஸ்குரூவையும் இறுக்கிட்டு, கோச் மேடம் சொன்ன மாதிரி மகளோட கிளப் சீனியர் ஒருத்தரைச் சுடச் சொன்னோம். பத்து பெல்லட் 27 மில்லிமீட்டர். அவர் தன்னோட ரைஃபிள்ல அதே நேரம் சுட்டது 9. மகள்கிட்ட ரெண்டு டார்கெட் அட்டையையும் காட்டினேன். ரொம்ப நேரம் அட்டையையே பாத்துக்கிட்டு இருந்தா. மூணு மாசம் அவளைத் திட்டிட்டேன்.

மேலூர்_காரன்
இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். பேரல் மாத்துறதைப் பத்திப் பேசுறதால கேக்குறேன். எங்க தாத்தா பேர்ல இருந்து அப்பா பேருக்கு மாத்தின லைசென்ஸ் .315 ரைஃபிள் இருக்கு. உள்ள துரு குழி குழியா விழுந்திருக்கு. பழைய பேரல் ஒண்ணு கிடைக்கும்னு ஒருத்தர் சொல்றார். லேத் அண்ணன் மாட்டித் தருவாரா, இல்ல வீட்லயே வைஸ்ல பிடிச்சுத் திருகலாமா?

கப்பலூர்_லேத்
நான் தொட மாட்டேன் தம்பி. நீங்களும் தொடாதீங்க. சுபேதார் ஐயா இருக்கார், அவர் சொல்லட்டும்.

பேரையூர்_சுபேதார்
தம்பி, 22 வருஷம் ராணுவத்துல ஆயுதங்களோட இருந்தவன் சொல்றேன். ஏர் ரைஃபிள் பேரலும் அதுவும் ஒண்ணு இல்ல. ஏர் ரைஃபிள்ல ஒரு பிடி காத்துதான். .315-ல தோட்டா வெடிக்கிறப்ப வர்ற அழுத்தம் உங்க லாரி டயர் அழுத்தத்தைப் போல பல நூறு மடங்கு. அதைத் தாங்கி நிக்கிறது பேரலும் போல்ட்டும். ரெண்டுக்கும் நடுவுல தோட்டா உக்கார்ற இடைவெளி ரொம்ப நுணுக்கமான அளவு, அதுக்குன்னே கேஜ் வச்சு அளப்பாங்க. வேற ரைஃபிளோட பேரலை இதுல திருகினா அந்த இடைவெளி மாறிரும். கூடுதலா இருந்தா தோட்டாவோட பித்தளைக் கூடு பிளந்து, கொதிக்கிற வாயு பின்னால வரும். பின்னால இருக்கிறது உங்க கண்ணு.

சட்டமும் அதைத்தான் சொல்லுது. 1959 ஆயுதச் சட்டத்தோட அஞ்சாம் பிரிவுல துப்பாக்கி செய்யுறது, விக்கிறது மட்டும் இல்ல, ரிப்பேர் பண்றதுக்கும் உரிமம் வேணும். பேரலைக் குட்டையா வெட்டுறதுக்கும் தனியா தடை இருக்கு, அது ஆறாம் பிரிவு. பேரலையும் நம்பரையும் மாத்திட்டு அடுத்த தேர்தலுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைக்கப் போனா, லைசென்ஸ் புத்தகத்தையும் ரைஃபிளையும் வச்சுப் பாத்து அங்கயே கேப்பாங்க. குழி விழுந்த பேரலை உரிமம் உள்ள ரிப்பேர்காரர்கிட்ட காட்டுங்க. சுட லாயக்கில்லைன்னு அவர் சொன்னா அப்பாகிட்ட சொல்லுங்க, லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகத்துல எழுதிக் கொடுத்து முறையா செய்யட்டும். அதுவரைக்கும் அதுல ஒரு தோட்டாவும் போடாதீங்க.

மேலூர்_காரன்
புரிஞ்சுதுங்க ஐயா. அப்பாகிட்ட பேசுறேன்.

உசிலை_விவசாயி
நானும் ஒண்ணு கேட்டுக்கிறேன். மயில் வந்து நிலக்கடலையை அழிக்குது. என்கிட்டயும் ஏர் கன் இருக்கு. நீளமான பேரலும் கனமான ஸ்பிரிங்கும் போட்டா வேகம் கூடுமா?

பேரையூர்_சுபேதார்
வேகம் கூடினாலும் செய்யக் கூடாது தம்பி. மயில் 1963-லேர்ந்து தேசியப் பறவை. 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. ஏர் கன்னால அடிச்சாலும் வேட்டைதான், ஜெயில்தான். அதோட உரிமம் இல்லாம நீங்க வச்சிருக்க முடியறதே அது 4.5 மில்லிமீட்டருக்குள்ள, 20 ஜூலுக்குள்ள இருக்கிறதாலதான். 2016 ஆயுத விதிகள்ல அப்படித்தான் இருக்கு. ஸ்பிரிங்கை ஏத்தி அதைத் தாண்டினா உங்க கையில இருக்கிறது உரிமம் இல்லாத ஆயுதம். கடலைக்குப் பழைய புடவை கட்டுங்க, வலை போடுங்க, வனத்துறையில சேதத்துக்கு மனு கொடுங்க. எங்க ஊர்லயும் மயில் தொல்லை இருக்கு, கஷ்டம் எனக்குத் தெரியும்.

கப்பலூர்_லேத்
நீளத்தைப் பத்தி ஒரு வார்த்தை. ஸ்பிரிங் ரைஃபிள்ல காத்து கொஞ்சம்தான். பேரலோட முதல் ஒரு சாண் தூரத்துலயே அது தள்ளுற வேலையைப் பெரும்பாலும் முடிச்சிரும். நீளமா போட்டா காக் பண்றப்ப கைக்கு இலகுவா இருக்கும், அவ்வளவுதான். போட்டி ரைஃபிளெல்லாம் வினாடிக்கு 170 மீட்டர் சுமாருக்குத்தான் சுடுது. 0.53 கிராம் பெல்லட்டுக்கு 8 ஜூல்கூட வராது. ஒலிம்பிக் மெடல் அந்த வேகத்துலதான் வாங்குறாங்க.

திருநகர் சாருக்கு வர்றேன். இறுக்கினதுலயே 27 மில்லிமீட்டருக்கு வந்துருச்சு. மீதி அந்த மூக்குதான். என் யோசனை: புது பேரலை அப்படியே வச்சிருங்க. பழைய பேரலைக் கொண்டு வாங்க, லேத்துல சென்டர் பாத்து மூக்கை அரை மில்லிமீட்டர் சீவி, உள் விளிம்பைப் புதுசா எடுத்துத் தர்றேன். அரை மணி நேர வேலை.

ஒத்தக்கடை_கோச்
அண்ணே, உங்க வேலை மேல எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனா இந்த நேரத்துக்கு நான் ஒத்துக்க மாட்டேன். இரும்புக் கம்பி மூக்கை மட்டும் தொட்டுச்சா, உள்ள ரைஃப்ளிங் வரியையும் (பெல்லட்டைச் சுழல வைக்கிற பள்ளம்) கீறிச்சான்னு நமக்குத் தெரியாது. சீவிப் பாத்து, சுட்டுப் பாத்து, சரி வரலைன்னா ரெண்டு வாரம் போயிரும். கம்பெனி பேரல் மேசை மேல இருக்கு. அதை மாட்டி, நாலு வாரம் பிள்ளை அதோட பழகட்டும். பழசைப் போட்டி முடிஞ்சு நிதானமா சீவலாம்.

கப்பலூர்_லேத்
அஞ்சு வாரம்னு பாத்தா நீங்க சொல்றது நியாயம்தான் மேடம். சரி, மாட்டுற முறையைச் சொல்றேன். பிரீச் பிளாக்கோட வந்ததால வீட்ல முடியும். வெறும் குழல் மட்டும் வந்திருந்தா பிரஸ் வேணும், நானே வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.

காக் ஆன ரைஃபிள்ல ஸ்குரூ டிரைவர் படக் கூடாது. பேரல் திறந்திருக்கிறப்ப டிரிகர் பக்கம் விரல் போகக் கூடாது. ஸ்பிரிங் விடுபட்டா பேரல் மேல பாயும், நடுவுல விரல் இருந்தா போயிரும், பேரலும் வளைஞ்சிரும். பலூன் கடைத் துப்பாக்கி பாதி இப்படி வளைஞ்சுதான் எங்கிட்ட வருது.

ஸ்டாக்கைக் கழட்டுங்க. கீல் போல்ட்டோட தலைக்குப் பக்கத்துல ஒரு பொடி பூட்டு ஸ்குரூ இருக்கும், அதை முதல்ல எடுக்கணும். அதை எடுக்காம போல்ட்டைத் திருகி தலையைக் கெடுத்துட்டு வர்றவங்க நிறைய. போல்ட் வந்ததும் பிரீச் பிளாக்குக்கு ரெண்டு பக்கமும் மெல்லிசா வாஷர் இருக்கும். எந்தப் பக்கம் எத்தனைன்னு போட்டோ எடுத்துக்கிட்டுத் தொடுங்க. காக்கிங் கம்பியோட நுனியைப் பள்ளத்துலேர்ந்து சாய்ச்சு எடுக்கணும், இழுக்கக் கூடாது. ஸ்பிரிங் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்ல.

கீல்ல பொட்டளவு மாலி கிரீஸ். கம்ப்ரெஷன் பக்கம் சாதா எண்ணெய் ஒரு சொட்டு கூட போகக் கூடாது. அங்க காத்து நெருங்குறப்ப வர்ற சூட்டுல எண்ணெய் பத்திக்கிட்டு வெடிக்கும், புகை வரும், சீலும் போயிரும்.

திருநகர்_அப்பா
ஞாயித்துக்கிழமை காலையில மாட்டினேன். மகளும் கூட உக்காந்தா, போட்டோ எடுத்தது அவதான்.

பூட்டு ஸ்குரூ நல்லா இறுகிக் கிடந்துச்சு. சரியான அளவு டிரைவர் இல்லாம ஆரம்பிச்சேன், வழுக்க ஆரம்பிச்சதும் நிறுத்திட்டு டவுன்ஹால் ரோடு போயி வாங்கிட்டு வந்து எடுத்தேன். இடது பக்கம் ஒரு வாஷர், வலது பக்கம் ஒண்ணுமே இல்ல. முன்னாடி யாரோ கழட்டினப்ப வலதை விட்டுட்டாங்க போல, ரைஃபிள் எங்ககிட்ட வந்ததே ரெண்டாம் கையா. ஆட்டத்துக்குக் காரணம் அதுதான். புது பேரலோட பையில ரெண்டு வாஷர் இருந்துச்சு.

முதல் தடவை மாட்டினப்ப பேரல் மூடுச்சு, ஆனா சுட்டப்ப முகத்துல காத்து அடிச்சதா மகள் சொன்னா. டிஷ்யூ பேப்பர் துண்டை இணைப்பு மேல வச்சு சுட்டுப் பாத்தோம், பேப்பர் பறந்துச்சு. பிரீச் சீல் பள்ளத்துல சரியா உக்காரலை. எடுத்து, சீலுக்கு அடியில மெல்லிசா ஒரு வளையம் வெட்டிப் போட்டோம். அப்புறம் பேப்பர் அசையலை. வெத்து ரைஃபிளைச் சுட வேண்டாம்னு மேடம் முன்னாடியே சொன்னதால, சோதனைக்குக் கூட பெல்லட் போட்டுத்தான் சுட்டோம். மொட்டை மாடியில இரும்புப் பெட்டிக்குள்ள பழைய துணி திணிச்சு, பின்னால தண்ணித் தொட்டிச் சுவர்.

பேரலுக்குள்ள கம்பெனி எண்ணெய் இருந்துச்சு. இந்தத் தடவை கம்பியே தொடலை. தூண்டில் நரம்புல துணியைக் கட்டி, பிரீச் பக்கமிருந்து இழுத்து, துணி வெள்ளையா வர்ற வரைக்கும் எடுத்தோம்.

முதல் ஐம்பது பெல்லட் அங்கயும் இங்கயும் போச்சு. அதுக்கப்புறம் அடங்கிச்சு. 4.50 தலை அளவு பெல்லட்ல பத்துக்கு 16 மில்லிமீட்டர். 4.52-ல 11. மூணு தடவை மாத்தி மாத்திச் சுட்டும் 4.52 தான் நல்லா இருக்கு. பழைய பேரலுக்கு 4.50 ஒத்து வந்துச்சு.

ஒத்தக்கடை_கோச்
ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு பெல்லட் பிடிக்கும் சார். இனி அந்த டப்பாவையே போட்டி முடியிற வரைக்கும் மாத்தாதீங்க. அதே பேட்ச் நம்பர்ல ரெண்டு டப்பா சேத்து வாங்கி வச்சிருங்க. கீல் போல்ட்டை ஐநூறு பெல்லட்டுக்கு ஒரு தடவை பாருங்க. சுட்டு முடிச்சதும் பாப்பாவைக் கை கழுவச் சொல்லுங்க, ஈயம். வியர்வைக் கையோட பேரலைத் தொட்டா லேசா துடைச்சு வைக்கணும், நம்ம ஊர்ல ஒரே ராத்திரியில விரல் ரேகை துருவா நிக்கும்.

திருநகர்_அப்பா
(இது மகள் எழுதுறா.) கோச் மேடம், லேத் அங்கிள், ரொம்ப நன்றி. நேத்து கிளப்ல 40 ஷாட் சுட்டேன். தீபாவளிக்கு முன்னாடி இருந்த ஸ்கோரை விட மூணு கூட. பழைய பேரலை அப்பா இரும்புக் கடையில போடலாம்னு சொல்றார். எனக்கு வேண்டாம்னு இருக்கு. அங்கிள், அதைச் சரி பண்ண முடியுமா?

கப்பலூர்_லேத்
முடியும் பாப்பா. இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். போட்டி முடிஞ்ச மறு ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா. பவர் கட் இல்லாத நாளா பாத்துக்கலாம். மூக்கைச் சீவுறப்ப நீ பக்கத்துல நின்னு டயல் கேஜைப் பாத்துச் சொல்லு. ரெண்டு டப்பா பெல்லட்டும் எடுத்துட்டு வா, 4.50-ஐ மறந்துறாத.